கைலாசத்தை நான் எழுப்பவில்லை

“அவர் போயிட்டார்” என்றேன். மைக்கைப் பார்த்துத்தான் சொன்னேன், அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. “ஐயோ பத்மா, அப்பா போயிட்டார்டி!” சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சும் தெரிந்தே விட்டதுதான். அந்த வாக்கியம் எழுத்தில் இல்லை தம்பி. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நான் வசனத்தை மறந்துபோய் உளறிவிட்டேன் என்று உங்கள் நிலையத்தில் இன்றைக்கும் பேச்சு இருக்கிறதாமே, அது பொய். நான் மறக்கவில்லை. எழுத்தில் இல்லாததைச் சொன்னேன். அது வேறு, இது வேறு.

உங்கள் ஒலிப்பதிவுப் பெட்டி ஓடுகிறதா? ஓடட்டும். நேரடி ஒலிபரப்பு நாடகங்களின் ஆரம்ப காலத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்கிறீர்கள், நல்லது. ஆனால் வாசலில் நின்று என்ன கேட்டீர்கள்? “அம்பலவாணன் சார் வீடு இதுதானே, அவங்க சம்சாரம் இருக்காங்களா?” என்றீர்கள். இருக்கிறாள். சம்சாரத்துக்கு இரத்தினாம்பாள் என்று ஒரு பேர் இருக்கிறது. அம்பலவாணன் மைக்கைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே இந்த இரத்தினாம்பாள் அதன் முன்னால் நின்று ராணியாகவும் பேசியிருக்கிறாள், வேலைக்காரியாகவும் பேசியிருக்கிறாள். நாடகக் கம்பெனி மூடியதும் நேரே வானொலிக்கு வந்தவள் நான். அவர் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். இலக்கியப் பேச்சு என்று பத்து நிமிஷம் பேச வந்தார். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கத்துகிற மாதிரி கத்தினார். “சார், மைக்குக்குக் காது நல்லா கேக்கும்” என்று நான்தான் சொன்னேன். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எங்கே மூச்சை விழுங்க வேண்டும், எல்லாம் நான் சொன்னது. பிறகு என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்குப் பிறகு எனக்கு ழகரம் சரியில்லை என்று கண்டுபிடித்தார்.

காபி ஆறுகிறது, குடியுங்கள்.

உங்களுக்கு இன்றைக்கு நாடா இருக்கிறது. தப்பு வந்தால் வெட்டுகிறீர்கள், ஒட்டுகிறீர்கள். எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தக் கணமே ஊருக்குக் கேட்கிறது. நிலையம் அப்போது ஒரு வாடகை பங்களாவில் இருந்தது. எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்கக் கம்பளி தொங்கும். மின்விசிறிச் சத்தம் ஏறிவிடும் என்று விளக்கு எரிந்ததும் அதை நிறுத்திவிடுவார்கள். ஒரே மைக். அதைச் சுற்றி மூன்று பேர், நான்கு பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. கையில் நாடகம். தாளைப் புரட்டினால் சரசரக்கும், அதனால் சேர்த்துத் தைக்க மாட்டார்கள். தனித் தனித் தாள். படித்து முடித்த தாளைச் சத்தம் வராமல் கீழே ஜமக்காளத்தில் நழுவ விட வேண்டும். முடிகிறபோது மொத்த நாடகமும் எங்கள் காலடியில் கிடக்கும்.

‘நெடுந்தெரு ஏழாம் வீடு’ என்று ஒரு தொடர். சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, அரை மணி நேரம். எழுதி நடத்தியவர் சக்கரபாணி சார். நிகழ்ச்சிப் பொறுப்பும் அவர்தான். கதை பெரிதாக ஒன்றுமில்லை. கைலாசம் என்று ஒரு ஓய்வுபெற்ற தாலுகா குமாஸ்தா. அவர் மனைவி விசாலம். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் பத்மா. கைலாசமாக அம்பலவாணன். விசாலமாக நான். பத்மாவாக வனஜா என்று ஒரு காலேஜ் பெண். கதவு திறப்பது, மழை பெய்வது, தயிர் கடைவது எல்லாம் மரியசூசை. மூலையில் ஒரு மேஜை நிறையச் சாமான்களை வைத்துக்கொண்டு நிற்பார்.

கைலாசம் பேசுவார். அதுதான் தொடர். காலையில் எழுந்து பேசுவார், பேப்பரைப் பார்த்துப் பேசுவார், நாட்டு நடப்பு பேசுவார், பெண்ணுக்குப் புத்தி சொல்லுவார். விசாலம் “என்னங்க” என்பாள். எனக்கு அதில் வருத்தமா என்று கேட்டால், வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை. நான் சொல்லப்போகிற அந்த வாரம் எனக்கு ஏழு வரி, அதில் நாலு “என்னங்க”. அவருக்குப் பத்துத் தாளுக்கு மேல். நான் எண்ணிப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. “காபி கொண்டு வரட்டுமா?” என்று ஒரு வரி இருந்தது. அதை வீட்டில் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கோபம் இருக்கிற மாதிரி, கோபம் ஆறிவிட்ட மாதிரி, பால் திரிந்துவிட்டதை மறைக்கிற மாதிரி. மூக்குக் கண்ணாடி இல்லாமல் இவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது; அதைப் போட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, “எதுக்கு இவ்வளவு மெனக்கெடறே? காபிதானே?” என்றார். நான் எழுந்து காபி போடப் போனேன்.

ஆறாவது வாரம். நல்ல சித்திரை. விளக்கு எரிந்தது, விசிறி நின்றது, எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டியது. நாடகம் பாதி தாண்டிவிட்டது. கைலாசம் வெளியே போய்விட்டு மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் உட்காருகிறார். மார் படபடக்கிறது என்கிறார். பிறகு, “விசாலம், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்கிறார். அதோடு அந்தத் தாள் முடிகிறது. இவர் தாளை நழுவ விட்டார். வேர்வையில் அடுத்த தாளும் அதோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டும் சேர்ந்து விழுந்தன. கையில் இருக்கிற தாளில் பார்த்தால் பத்மாவின் கல்யாணப் பேச்சே முடிந்துபோயிருக்கிறது. இவருக்கு ஒன்றும் புரியவில்லை. வாய் திறந்தபடி நிற்கிறார்.

வானொலியில் மௌனம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது தம்பி. மேடையில் மௌனம் என்றால் ஆளாவது தெரிவான். வானொலியில் எதுவும் இல்லை. பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று ஜனங்கள் தட்டுவார்கள். கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சக்கரபாணி சார் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

என்ன? என் கையிலும் அதே தாள் இருந்திருக்குமே என்கிறீர்களா? இருந்தது. எல்லாருக்கும் முழு நாடகமும் ஒரு பிரதி உண்டு. ஒருவருக்கு வசனம் விட்டுப்போனால் பக்கத்தில் நிற்பவர் தன் தாளை அவர் முன்னால் நீட்ட வேண்டும், அதுதான் வழக்கம். நான் எத்தனையோ பேருக்கு நீட்டியிருக்கிறேன். நீங்களும் அதையே கேட்கிறீர்கள் பாருங்கள். அன்றைக்கு வந்து கேட்காதவர் இல்லை. நேரம் எங்கே இருந்தது? ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சில் எனக்கு என்னவெல்லாம் ஓடியது தெரியுமா? இரண்டு வாரமாகவே கைலாசம் மார்வலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், இப்போது போனால் ஜனங்கள் நம்புவார்கள் என்று தோன்றியது. பத்மாவின் கல்யாணம் தள்ளிப்போகும், கதைக்கு அதுவும் பலம்தான் என்று தோன்றியது. விசாலம் மாதிரி ஒருத்தி எப்படி அழுவாள், எடுத்ததும் ஓவென்று அழுவாளா, இல்லை அடுப்பில் இருக்கிறதை இறக்கி வைத்துவிட்டு வந்து அழுவாளா என்று தோன்றியது. இறக்கி வைத்துவிட்டுத்தான் வருவாள் என்றும் தோன்றியது. இவ்வளவையும் யோசிக்கவே நேரம் போதவில்லை. தாளை எங்கே நீட்டுவது?

சொன்னேன். “அவர் போயிட்டார்.”

வனஜா என்னைப் பார்த்தாள். பயத்தில் அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அது நல்லதாகப் போயிற்று. மரியசூசை கெட்டிக்காரர். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பித்தளைச் செம்பை எடுத்துத் தரையில் உருட்டினார். அந்தச் செம்பு உருண்டு போய் நின்றது பாருங்கள், அங்கேதான் கைலாசத்தின் உயிர் போயிற்று. சக்கரபாணி சார் தலையிலிருந்து கையை எடுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் நூல் இழுக்கிற மாதிரி காட்டினார். இழு, இழு என்று. பன்னிரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது.

பன்னிரண்டு நிமிஷமும் நான்தான். கையில் இருந்த தாள்களை அப்படியே கீழே விட்டுவிட்டேன். விசாலம் அடுப்பை அணைத்தாள். கொடியில் கிடந்த அவர் துண்டை எடுத்து மடித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். “ஒண்ணு சொல்லணும்னு சொன்னீங்களே, சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? ஊருக்கெல்லாம் சொன்னீங்க. கறிகாய்க்காரிக்குக்கூட நாட்டு நடப்பு சொன்னீங்க. எனக்குன்னு வர்றப்போ நேரமில்லாமப் போச்சா?” இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. கம்பெனியில் பழகிய பழக்கம். மனசில் இருந்தால்தான் வாயில் வரும் என்பார்கள் சிலர், அவர்களுக்கு நடிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இவரா? இவர் என் பக்கத்தில்தான் நின்றார். செத்தவர் எங்கே போவது? நகர்ந்தால் தரைப் பலகை கிறீச்சிடும். அன்றைக்குப் பார்த்து அவருக்கு இருமல் வேறு. செத்தவர் இருமினால் என்ன ஆகும்? தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, கண் சிவந்து, நீர் வழிய நின்றார். இருமல்தான். வேறு என்ன.

நிஜமாகவே அவர் போன அன்றைக்கு, போன ஆடியில், எனக்கு அந்த வாக்கியம் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார். இது உங்கள் நிகழ்ச்சிக்கு வேண்டாம்.

எங்கே விட்டேன்? முடிவு. அந்த நிலையத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. நாடகத்தில் யார் சாகிறாரோ அவர்தான் கடைசியில் நடித்தவர்களின் பேர்களை வாசிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். முன்னால் ஒரு சரித்திர நாடகத்தில் தளபதி செத்துப்போக, கரூரில் அவரைப் பெற்றவள் வானொலிப் பெட்டிக்கு முன்னாலேயே மயங்கி விழுந்துவிட்டாள். அப்போது சக்கரபாணி சார் செய்த ஏற்பாடு. செத்தவர் குரல் கடைசியில் வந்துவிட வேண்டும், வீட்டில் இருக்கிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். அன்றைக்கு யாரும் சாகிறதாக இல்லை, அறிவிப்பாளரிடம்தான் பேர்த்தாள் இருந்தது. சக்கரபாணி சார் ஓடிப்போய் அதைப் பிடுங்கிக் கொண்டுவந்து இவர் கையில் திணித்தார்.

இவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். “கைலாசமாக அம்பலவாணன். பத்மாவாக வனஜா. ஓசை உதவி மரியசூசை. எழுதி நடத்தியவர் சக்கரபாணி.” அவ்வளவுதான். விளக்கு அணைந்தது.

கேட்டீர்களா? விசாலமாக யார்? விசாலமாக யாருமில்லை. பன்னிரண்டு நிமிஷம் தாள் இல்லாமல் ஒருத்தி பேசுகிறாள், ஊரே கேட்கிறது, அவளுக்குப் பேர் கிடையாது. கைலாசத்துக்கும் பத்மாவுக்கும் நடுவில் என் பேர் தட்டச்சில் பளிச்சென்று இருந்தது, பிறகு வாங்கிப் பார்த்தேன்.

குதிரை வண்டியில் வீட்டுக்கு வருகிறபோது கேட்டேன். “என் பேரை ஏன் விட்டீங்க?”

“வரலை” என்றார்.

“எது வரலை?”

“பேர் வரலை. தொண்டை அடைச்சுக்கிச்சு.”

“கைலாசத்துக்கு வந்துச்சு. வனஜாவுக்கு வந்துச்சு. செம்பு உருட்டினவருக்கு வந்துச்சு. என் பேருக்கு மட்டும் அடைச்சுக்கிச்சாக்கும்?”

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, “இந்தா” என்பார். அதெல்லாம் ஒரு காரணமா? எனக்குத் தெரியாதா. பழி. நான் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் நாடகத்தைக் காப்பாற்றப் போய் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் அதை மனசில் வைத்துக்கொண்டு, வேண்டும் என்றே என் பேரை விட்டார்.

மறுநாள் காலை முதல் ரயிலில் மாமியார் குளித்தலையிலிருந்து வந்து இறங்கிவிட்டார். அங்கே முனிசிபல் பார்க்கில் ஒலிபெருக்கி வைத்து வானொலி போடுவார்கள். சனிக்கிழமை தோறும் மகன் பேசுவதைக் கேட்க முன்னாலேயே போய் சிமெண்டு பெஞ்சில் இடம் பிடிப்பார். இவர் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருந்தார். நேரே வந்து சோப்பு நுரையோடு அந்த முகத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஊரறிய என் புள்ளைய கொன்னுட்டியேடி.”

“கைலாசத்தைத்தான் அத்தை கொன்னேன்.”

“கைலாசமாவது கயிலாயமாவது! குரல் என் புள்ளை குரல்தானே? பார்க்குல அத்தனை ஜனமும் எழுந்து நின்னுட்டுதுடி. கொய்யாப்பழக்காரன் கூடையை இறக்கி வச்சுட்டு நிக்கிறான். எனக்குக் காலும் ஓடலை கையும் ஓடலை. யாரோ சோடா உடைச்சுக் குடுத்தாங்க.”

“அப்புறம் அவர் குரல் வந்துச்சில்ல?”

“வந்துச்சு. அப்புறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. தாலி கட்டினவ வாயால அந்தச் சொல்லு வரலாமா? நாடகக்காரி வேணாம்டான்னு அன்னிக்கே சொன்னேன்.” கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அழுத அழுகை என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு. துண்டை மடிச்சியே, அங்க எனக்கே... சரி, அதை விடு. வர்ற சனிக்கிழமை அதே பொட்டியில, அதே வாயால, என் புள்ளைய எழுப்பிடு. எழுப்பின பொறவுதான் நான் ஊருக்குப் போவேன்.”

பெட்டி படுக்கையோடுதான் வந்திருந்தார்.

திங்கட்கிழமை சக்கரபாணி சார் கூப்பிட்டனுப்பினார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அதுவரை சொன்னதில்லை.

“இரத்தினம்மா, பிரமாதமா பண்ணினீங்க. இனிமே பண்ணாதீங்க.”

“சரி சார்.”

“ஊர் ஊரா இதே பேச்சா இருக்காம். ஒரு ஊர்ல வீட்டோட தலைமுழுகிட்டாங்களாம். மேலிடத்துல கூப்பிட்டு, சாவு அனுமதி வாங்கின சாவான்னு கேக்கறாங்க. நான் யோசிச்சுட்டேன். அது மூர்ச்சை. டாக்டர் வர்றார், பார்க்கிறார். நீங்க ஒரே ஒரு வரி சொல்றீங்க. ‘கண்ணைத் திறந்துட்டார்.’ உடனே சார் ‘விசாலம்’னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது. கதை பழைய வழிக்கு வந்துடும்.”

“பன்னிரண்டு நிமிஷம் அழுதாச்சு சார்.”

“மூர்ச்சைக்கும் அழலாம்மா.”

“நான் மூர்ச்சைக்கு அழலை.”

அவர் மேஜையில் இருந்த கட்டைத் தட்டிக் காட்டினார். “கைலாசத்துக்கு இன்னும் ஏழு வாரம் எழுதி வச்சிருக்கேம்மா.”

“விசாலத்துக்கு மாத்தி எழுதுங்க.”

“விசாலமா?” என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். “விசாலம் என்ன பேசுவா?”

அதைக் கேட்டார் பாருங்கள், அந்த இடத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். அதற்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் யோசனை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம். அவர் வேண்டாம் என்றால் நான் வீட்டில். கம்பெனியும் மூடியாகிவிட்டது. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான், எனக்கு இருந்த மைக் அது ஒன்றுதான். அதை அவரும் தெரிந்துதான் சொன்னார்: “சொல்ல முடியாதுன்னா சொல்லிடுங்க. வேற விசாலத்தைப் பார்த்துக்கறேன்.”

“குரல் மாறினா ஜனங்களுக்குத் தெரியாதா?”

“ஜலதோஷம்னு ஒரு வரி சேர்த்துட்டா போச்சு.”

நான் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. புது நாடகத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அது அவர் பாடு.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. மாமியார் சோறு போடுகிறபோது, “எழுப்புவியா மாட்டியா?” என்பார். “பார்க்கலாம்” என்பேன். “என்னடி பார்க்கலாம்? பால் ஊத்தறதா வேணாமான்னு கேட்ட மாதிரி பார்க்கலாங்கறே?” என்பார். இவர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் நானே கேட்டேன்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“செத்தவன்கிட்ட யாராவது கேப்பாங்களா?” என்றார்.

குத்தல். எனக்கு அதெல்லாம் உறைக்காது. ஒத்திகையின்போது அந்த வரி வந்தது. “கண்ணைத் திறந்துட்டார்” என்று வாசித்தேன். ஒத்திகையில் என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாம், அதை ஊர் கேட்கப் போவதில்லை. சக்கரபாணி சார் சந்தோஷப்பட்டுத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் நிலையத்துக்கே தெரியும். அந்தத் தொடர் ஏழு வாரத்தில் முடியவில்லை, அடுத்த தை வரை போயிற்று. விசாலம் என்ன பேசுவாள் என்று கேட்டவர் விசாலத்துக்காக ராப்பகலாக எழுதினார். விசாலம் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள், வீட்டு வழக்கை நடத்தினாள், ஒரு வாரம் தாலுகா ஆபீசுக்கே போய்ச் சண்டை போட்டாள். சனிக்கிழமை ஏழு மணிக்குத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது என்பார்கள். நான் அங்கே வயதான காலம் வரை பேசினேன். மாமியார் என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை, ஆனால் சனிக்கிழமை பார்க்குக்குப் போவதை நிறுத்தவில்லை. கேள்விப்பட்டேன்.

இவர்தான் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மைக் முன்னால் நிற்கவேயில்லை. வேறு நாடகங்களுக்குக் கூப்பிட்டார்கள். இலக்கியப் பேச்சுக்குக்கூடக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பயம். ஒரு தாள் ஒட்டிக்கொண்டு விழுந்ததற்கு ஆயுசுக்கும் பயம். ஆனால் என்னைக் கொண்டுபோய் நிலையத்தில் விடுவார். வாசலில் காவல்காரர் வைத்திருந்த வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று முழு நாடகத்தையும் கேட்பார். கூட்டிக்கொண்டு வருவார். கண்காணிப்பு வேறென்ன. வருகிற வழியில் ஒரு அபிப்பிராயமாவது சொல்ல வேண்டுமே, சொன்னதில்லை. ழகரத்தைப் பற்றிச் சொல்லுவதையும் விட்டுவிட்டார். என்னை எதிலும் சேர்த்தி இல்லை என்று வைத்துவிட்டார் போலிருக்கிறது.

நீங்கள் இதையெல்லாம் வெட்டிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். வெட்டிக்கொள்ளுங்கள். “அம்பலவாணன் சார் நல்ல மனுஷர், சிறந்த நடிகர்” என்று நான் சொல்வதாக ஒரு துண்டு வேண்டும் உங்களுக்கு. அதற்குத்தானே வந்தீர்கள். அவர் நடிகரே இல்லை. எழுதியதை எழுதியபடி வாசிப்பார், அவ்வளவுதான். எழுத்தில் இல்லாத ஒன்றை அவர் தானாக ஒரு நாளும் செய்ததில்லை.

அந்தச் சனிக்கிழமையா? சொல்கிறேன். சொல்லாமல் என்ன.

விளக்கு எரிந்தது. விசிறி நின்றது. டாக்டருக்கு ஆள் கிடைக்காமல் மரியசூசையையே பேசச் சொல்லியிருந்தார்கள். அவர் தன் மேஜையில் ஒரு தோல் பையைத் திறந்து மூடினார், பிறகு மைக்குக்கு வந்து, “கொஞ்சம் விலகுங்கம்மா, பார்க்கிறேன்” என்றார். வனஜா விசும்பினாள். அடுத்தது என் வரி. கையில்தான் இருந்தது. வேர்வையும் இல்லை, தாளும் ஒட்டவில்லை. எல்லாம் சரியாக இருந்தது.

நான் சொல்லவில்லை.

சக்கரபாணி சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்து விரலை நீட்டினார். சொல்லு. நான் அவரைப் பார்த்தேன். மறுபடியும் நீட்டினார். மரியசூசை என்னைப் பார்த்தார். எல்லா ஊரிலும் பெட்டியைத் தட்டத் தொடங்கியிருப்பார்கள். நான் மைக்குக்கு ஓரடி நெருங்கி, நிதானமாக, “பத்மா, டாக்டர் ஐயா கையலம்பத் தண்ணி குடு” என்றேன்.

சக்கரபாணி சாருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவருக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் இரண்டு கையையும் நீட்டினார். “விசாலம்” என்கிற ஒரு வார்த்தை இவர் தாளில் தயாராக இருந்தது. அதை இவர் வாயைத் திறந்து வாசித்தால் போதும். கைலாசம் பிழைத்துவிடுவார், மாமியார் அடுத்த ரயிலில் ஊருக்குப் போய்விடுவார், எனக்கு அன்றோடு வேலை போய்விடும். சக்கரபாணி சார் வாயசைத்துக் காட்டினார். கண்ணாடியில் முட்டிக்கொள்ளாத குறைதான்.

இவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துண்டில் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். துடைக்கவில்லை. அதன் இரண்டு காம்புகளையும் ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் மடக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.